தண்ணீர் ஊற்றாத வரிசை

என்னை உட்கார்ந்து பேசச் சொல்லாதீர்கள். வேலையில் இருந்த காலம் முழுக்கப் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டே பாடம் எடுத்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் கால் நிற்கமாட்டேன் என்கிறது. நான் இங்கும் அங்கும் நடந்தால் நீங்கள் தலையைத் திருப்ப வேண்டாம், காதைக் கொடுத்தால் போதும்.

காலையில் நீங்கள் பாடம் எடுக்கும் வகுப்புகளைச் சுற்றிப் பார்த்தேன். எலுமிச்சம்பழத்தில் கம்பி செருகி விளக்கு எரியவைத்தீர்கள். பலூன் கட்டிய அட்டை வண்டி ஓடியது. எல்லாம் எரிய வேண்டியபடி எரிந்தன, ஓட வேண்டியபடி ஓடின. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு பிள்ளையின் விளக்கு மட்டும் எரியவில்லை. உங்களில் ஒருவர் ஓடிப்போய்க் கம்பியை மாற்றிச் செருகினார். விளக்கு எரிந்தது, கை தட்டினார்கள், அவர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். ஏன் எரியவில்லை என்று அந்தப் பிள்ளை யோசிக்கத் தொடங்கியிருந்த நேரம் அது. கெடுத்துவிட்டோமே என்று எனக்குப் பதறியது. அதனால், பேசச் சொன்ன தலைப்பை விட்டுவிட்டு, எரியாத விளக்கு மாதிரி ஒரு சங்கதியைச் சொல்லப் போகிறேன்.

தொண்ணூறுகளின் பிற்பாதி. திண்டுக்கல்லை ஒட்டிய ஓர் ஊரில் கிறித்தவச் சகோதரிகள் நடத்திய பெண்கள் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. ஊர்ப் பெயரும் பள்ளிப் பெயரும் வேண்டாம். பள்ளிக்குச் சற்றுத் தள்ளித் தோல் பதனிடும் ஆலை ஒன்று இருந்தது. ஊரில் அதை டேனரி என்பார்கள். காற்று திரும்பினால் வகுப்பில் ஜன்னலைச் சாத்திவிடுவோம். ஊரில் பாதி வீடுகளுக்கு அங்கேதான் கூலி. மீதிப் பாதி விவசாயக் குடும்பங்கள். டேனரிக் கழிவின் உப்பு இறங்கித்தான் கிணறு கெட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள். இரண்டு பாதியின் பிள்ளைகளும் என் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த வருட அறிவியல் கண்காட்சிக்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் தண்ணீரை எடுத்துக்கொண்டார்கள். எரிமலை, ராக்கெட் என்று வழக்கமாகச் செய்வதில் அவர்களுக்கே சலிப்பு வந்திருந்தது. எந்தத் தண்ணீரில் பயறு நன்றாக வளரும் என்பது கேள்வி. வீட்டிலிருந்து கொட்டாங்குச்சி கொண்டுவந்து, அதன் கண்ணில் ஓட்டை போட்டு, மணல் நிரப்பி, பச்சைப்பயறு ஊன்றினார்கள். மூன்று வரிசை. ஒன்றுக்குப் பள்ளிக் குழாய்த் தண்ணீர். ஒன்றுக்கு ஊருக்கு மேற்கே இருந்த ஒரு தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீர். மூன்றாவதற்கு டேனரிக்கு அடுத்த நிலத்துக்காரர் கருப்பையாவின் கிணற்றுத் தண்ணீர். வரிசைக்கு ஒரு பெண் பொறுப்பு, அவரவருக்கு வசதிப்பட்ட நேரத்தில் வந்து ஊற்றுவது. யாருக்கு எது என்று சீட்டுப் போட்டார்கள்.

மூன்றாவது வரிசை அமலாவுக்கு விழுந்தது. அவள் அப்பா சவரிமுத்துவுக்கு டேனரியில்தான் வேலை. பள்ளிக் குழாய் வரிசை முத்துலட்சுமிக்கு. அவள் கருப்பையாவின் தம்பி மகள். சீட்டு அப்படி விழுந்ததற்கு நான் என்ன செய்ய? அப்போது அதை நான் பெரிதாக நினைக்கவும் இல்லை.

முதல் இரண்டு வரிசையும் முளைத்துப் பச்சையாக நின்றன. மூன்றாவது வரிசை முளைத்து, மஞ்சளாகி, கண்காட்சிக்கு முந்தைய திங்கட்கிழமை காலையில் மொத்தமாகச் சாய்ந்து கிடந்தது. பிள்ளைகள் துள்ளினார்கள். முத்துலட்சுமி வீட்டுக்கு ஓடிப்போய்ப் பெரியப்பாவிடம் சொல்லிவிட்டாள். கருப்பையா வருடக்கணக்காக மனுக் கொடுத்துக்கொண்டிருந்தவர். போன இடமெல்லாம் ஆதாரம் கேட்டிருக்கிறார்கள். அவர் மத்தியானமே பள்ளி வாசலுக்கு வந்து நின்றார்.

“டீச்சர், அம்புட்டு நாளா நான் கத்துனத நம்ம புள்ளைக நிரூபிச்சிருச்சுகளாமே! கண்காட்சி முடிஞ்சதும் அந்தக் கொட்டாங்குச்சிய அப்படியே எங்கிட்டக் குடுத்துருங்க. கலெக்டர் மேசைல வச்சுர்றேன்.”

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எனக்கும் உள்ளே கிளுகிளுப்பாகத்தான் இருந்தது. இதைவிட ஓர் அறிவியல் ஆசிரியைக்கு என்ன வேண்டும்?

கண்காட்சிக்கு முதல் நாள் சாயங்காலம், அட்டைகள் ஒட்டிக்கொண்டிருந்தபோது அமலா என் பக்கத்தில் வந்து நின்றாள். அமைதியான பிள்ளை என்று நினைத்துவிடாதீர்கள். வாய்த்துடுக்குக்காரி, யாரோடாவது சண்டை போடாமல் ஒரு நாளும் போகாது. அன்று மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“டீச்சர், அந்த வரிசைக்கு நான் சனி, ஞாயிறு தண்ணி ஊத்தல. ஊருக்குப் போயிட்டோம். வேற யாருகிட்டயும் சொல்லிட்டும் போகல.”

முத்துலட்சுமி கத்தரிக்கோலைக் கீழே போட்டாள். “பொய் டீச்சர்! அவங்கப்பா சொல்லிக் குடுத்து விட்டுருக்காரு. நாளைக்கு அவுக மொதலாளி வாராருல்ல, அதான்.”

“எங்கப்பாவ ஏண்டி இழுக்குற? ஊத்தலன்னா ஊத்தலதான்!”

“இம்புட்டு நாள் சொல்லாம இன்னைக்கு ஏன் சொல்ற?”

சுற்றியிருந்த பிள்ளைகள் எல்லாரும் முத்துலட்சுமி பக்கம். வாரக்கணக்காக உழைத்தவர்கள், பாவம். எல்லாக் கண்ணும் என் மேல்.

இந்த இடத்தில்தான் நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். எனக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள். ஒருத்தியின் அப்பாவுக்கு டேனரியில் சோறு. இன்னொருத்தியின் பெரியப்பாவுக்கு டேனரியோடு தகராறு. முகத்தைப் பார்த்து யார் உண்மை சொல்கிறார்கள் என்று கண்டுபிடிக்கலாம் என்று எனக்கு முன்னால் வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. பயந்த பிள்ளையின் முகமும் பொய் சொல்லும் பிள்ளையின் முகமும் ஒன்று போலத்தான் இருக்கும். அமலா சொல்வது உண்மையானால், அந்தப் பயறு உப்பால் செத்ததா, தாகத்தால் செத்ததா என்று யாருக்கும் தெரியாது. பொய்யானாலும், அந்தச் சந்தேகம் வாயிலிருந்து வெளியே வந்துவிட்டது. வந்ததைத் திரும்ப உள்ளே தள்ள முடியாது.

அதற்குள் தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு ஆள் அனுப்பினார், போனேன். சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். நல்ல நிர்வாகி. பள்ளியின் புதுக் கட்டடத்துக்கு டேனரி முதலாளி உதவியிருந்தார். கண்காட்சியைத் திறந்து வைக்க அவரைத்தான் அழைத்திருந்தார்கள்.

“டீச்சர், அந்தத் தண்ணி மேசை நாளைக்கு இருக்க வேண்டாம். நம்ம பிள்ளைகள்ல பாதிப் பேருக்கு அவர்கிட்டத்தான் சம்பளம். நான் சொல்றது உங்களுக்குப் புரியும்.”

எடுத்துவிட்டால் சிஸ்டருக்கு நிம்மதி. எனக்கும் ஒரு தொல்லை விட்டது. ஆனால் அமலா பொய் சொன்னதால் எடுத்தோம் என்று சிலர் சொல்வார்கள், முதலாளிக்குப் பயந்து எடுத்தோம் என்று வேறு சிலர் சொல்வார்கள். இருந்தபடியே வைத்தால் கருப்பையா என்னைக் கொண்டாடுவார், ஆனால் எனக்கே நம்பிக்கை இல்லாத ஒன்றை அவர் கையில் கொடுத்தவளாவேன். அந்த நடைக்கூடத்தில் எத்தனை தடவை போய் வந்தேன் என்று தெரியாது. பிறகு பிள்ளைகளிடம் ஓர் அட்டையைக் கொண்டுவரச் சொன்னேன்.

‘மூன்றாவது வரிசைக்கு இரண்டு நாள் தண்ணீர் ஊற்றவில்லை என்று எங்களில் ஒருத்தி சொல்கிறாள். ஆகவே இந்த முடிவை நாங்கள் நம்பவில்லை. நீங்களும் நம்ப வேண்டாம். மறுபடி செய்கிறோம்.’

முத்துலட்சுமி எழுதமாட்டேன் என்றுவிட்டாள். அமலாதான் எழுதினாள். சிஸ்டர் வந்து படித்துப் பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“எடுக்கச் சொன்னா எடுக்க மாட்டீங்க. வச்சாலும் நம்பாதீங்கன்னு எழுதி வைக்கிறீங்க. உங்கள வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண, சொல்லுங்க?”

ஆனாலும் எடுக்கச் சொல்லவில்லை.

மறுநாள் முதலாளி வந்தார். ஒவ்வொரு மேசையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் அந்த அட்டைக்கு முன்னால் நின்று நிதானமாகப் படித்தார். சிரித்தார். “ரொம்ப நேர்மையா எழுதியிருக்கீங்க டீச்சர். இந்த வயசுல இந்தப் பழக்கம் வரணும்” என்று சொல்லி அமலாவின் தலையில் தட்டிக்கொடுத்தார். என் வாழ்நாளில் வாங்கிய பாராட்டுகளிலேயே உடம்பெல்லாம் எரிந்த பாராட்டு அதுதான். அமலா தலையை விலக்கிக்கொண்டாள். அவர் போனதும் பிள்ளைகள் யாரும் அவளோடு பேசவில்லை.

கருப்பையாவும் வந்திருந்தார். கூட நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு, வெள்ளை வேட்டி கட்டி வந்திருந்தார். எழுத்துக் கூட்டிப் படித்தவர் என் பக்கம் திரும்பினார்.

“எங்க வாயில மண்ண அள்ளிப் போட்டுட்டீங்களே டீச்சர்.”

“மறுபடி செய்யிறோம் அண்ணே. கொஞ்சம் பொறுங்க.”

“நீங்க பொறுத்துக்குவீங்க. ஒங்களுக்குச் சம்பளம் வருது. என் கெணத்துல ஆடு கூட வாய வைக்க மாட்டேங்குது.”

அவர் போன பிறகு மேசை மேசையாக நடந்தேன். யாராவது ஏதாவது கேட்டால் பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

அடுத்த வாரமே ஆரம்பித்துவிட்டோம். இந்தத் தடவை யாருக்கும் சொந்த வரிசை கிடையாது. பாட்டில்களின் கழுத்தில் வேறு வேறு நிற நூலைக் கட்டினேன். எந்த நிறத்துக்கு எந்தக் கிணறு என்று எனக்கு மட்டும் தெரியும். ஆனால் நான் கொட்டாங்குச்சிப் பக்கமே போவதில்லை. எல்லாரும் முறை வைத்து எல்லா வரிசைக்கும் ஊற்றுவது. அமலா ஊற்றும்போது முத்துலட்சுமி பக்கத்தில் நிற்பாள், முத்துலட்சுமி ஊற்றும்போது அமலா நிற்பாள். ஆரம்பத்தில் முறைத்துக்கொண்டு நின்றார்கள். பிறகு வேறு வழியில்லாமல் ஊற்றும் அளவைப் பற்றிச் சண்டை போட்டார்கள். அந்தச் சண்டை எனக்குப் பிடித்திருந்தது.

பயறு ஊன்றிய மறுநாள் சவரிமுத்து ஒரு பிளாஸ்டிக் கேனோடு பள்ளிக்கு வந்தார். ஒல்லியான மனிதர். சட்டையில் தோல் வாடை. கோபத்தோடு வந்திருந்தார்.

“எம்புள்ளயப் பொய்க்காரின்னு சொன்னாங்களாமே டீச்சர்? அந்தச் சனி, ஞாயிறு நாங்க நத்தத்துல இருந்தோம். என் மச்சினன் வீட்ல காது குத்து. எங்க தெருவே வந்துச்சு, வேணும்னா யாரையும் கேளுங்க. நான் என்னத்தச் சொல்லிக் குடுத்தேன்? கண்காட்சின்னு ஒண்ணு நடக்குறதே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.”

ஜன்னலுக்கு வெளியே முத்துலட்சுமி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் கேட்டது. சாப்பாட்டு நேரத்தில் அவள் அமலாவிடம் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. தன் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து தொட்டுக்கொள்ள வைத்திருந்த வெஞ்சனத்தில் பாதியை அமலாவின் தட்டில் தள்ளினாள். அமலா அதை வாங்கிக்கொண்டு, “உப்பு பத்தல” என்றாள்.

சவரிமுத்து அன்று கிளம்பும் முன் அந்தக் கேனை என் மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்.

“இது எங்க தெரு அடிபம்புத் தண்ணி. டேனரிச் செவத்த ஒட்டித்தான் இருக்கு. இதையும் ஊத்திப் பாருங்க. நாங்க குடிக்கிறதுதான். நல்லாத்தான இருக்கோம். கருப்பையா கெணறு கெட்டதுக்கு வேற என்னமும் இருக்கும்.”

எல்லா வரிசையையும் புதிதாக ஊன்றவைத்து, நூல்களை மாற்றி, அவருடைய தண்ணீருக்குச் சிவப்பு நூல் கட்டினேன். தினமும் பம்பில் பிடித்து அவரே கொடுத்துவிட்டார். கருப்பையா தன் கிணற்றுத் தண்ணீரைத் தானே கொண்டுவந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு வைத்துவிட்டுப் போவார். நானோ வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டே ஜன்னல் வழியாக அந்த வராந்தாவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கிட்டே போகக் கூடாது என்பது நானே போட்ட சட்டம். அந்த நாட்களைப் போல எனக்கு எந்த நாளும் நீண்டதில்லை. நல்ல முடிவு வர வேண்டும் என்று வேண்டிக்கொள்ளக் கூட முடியாது. யாருக்கு நல்ல முடிவு?

எந்த நூலுக்கு எந்தத் தண்ணீர் என்று வெளியே சொன்ன நாளில் கருப்பையாவையும் சவரிமுத்துவையும் வரச் சொல்லியிருந்தேன். சிஸ்டரும் வந்து நின்றார். பள்ளிக் குழாய் வரிசையும் மேற்குக் கிணற்று வரிசையும் செழிப்பாக இருந்தன. கருப்பையாவின் வரிசையில் பாதி முளைக்கவே இல்லை, முளைத்ததும் கருகிவிட்டது. இந்த முறை ஒரு நாளும் தண்ணீர் தவறவில்லை. அவர் சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

சிவப்பு நூல் வரிசையைப் பார்த்து அமலாதான் முதலில் பேசினாள்.

“இது சாகல டீச்சர். ஆனா வளரவும் இல்ல.”

இலை ஓரமெல்லாம் பழுப்பாகி, விரலளவுக்குக் கூட எழும்பாமல் நின்றன அந்தச் செடிகள். சவரிமுத்து அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு கொட்டாங்குச்சியைக் கையில் எடுத்தார். அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

“இதத்தான டீச்சர் வீட்ல கொதிக்க வச்சுக் குடுக்குறோம்.”

கருப்பையா போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். “ஏலே சவரி, எந்திரி” என்று தோளைத் தொட்டார். சவரிமுத்து எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னார்: “மனுல எம்பேரு வேணாம்ணே. எனக்கு நாளைக்கு அங்கதான் வேல. என் தண்ணிய மட்டும் எடுத்துக்கங்க.”

கலெக்டர் அலுவலகத்தில் மனு வாங்கும் நாளன்று கருப்பையாவோடு நானும் பிள்ளைகளும் போனோம். விடுப்பு எடுத்துக்கொண்டு தனியாகப் போகிறேன் என்றுதான் சிஸ்டரிடம் சொன்னேன். “பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போங்க. யூனிபார்ம்ல போகட்டும். ஒளிஞ்சு போறதுக்கு நாம என்ன தப்பு பண்ணோம்?” என்றார் அவர். முதலாளிக்கு என்ன பதில் சொல்வது என்று கவலைப்பட்ட அதே சிஸ்டர்தான்.

மனுவை வாங்கிய அதிகாரி கொட்டாங்குச்சிகளைப் பார்த்தார். சிரிக்கவில்லை, விரட்டவும் இல்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“பிள்ளைங்க செஞ்சது. ஒழுங்காத் தண்ணி ஊத்துனாங்கன்னு நான் எப்படி நம்புறது?”

நான் வாயைத் திறப்பதற்குள் அமலா முன்னால் வந்துவிட்டாள்.

“மொதத் தடவ ஊத்தல சார். நான்தான் ஊத்தல. அதனால அத யாரும் நம்பாதீங்கன்னு எழுதி வச்சோம். ரெண்டாவது தடவ, எது எந்தத் தண்ணின்னு எங்களுக்கே தெரியாம ஊத்துனோம். இவ எனக்குக் காவல், நான் இவளுக்குக் காவல்.”

முத்துலட்சுமி ஆமாம் என்று தலையாட்டினாள். அதிகாரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம், ஆட்களை அனுப்பி முறைப்படி தண்ணீர் எடுத்துச் சோதிக்கச் சொன்னார். வெளியே வந்ததும் கருப்பையா என் முன்னால் நின்றார். “வெயிலா இருக்கு, புள்ளைகளுக்குக் கலர் சோடா வாங்கியாரேன்” என்று போய்விட்டார்.

என்ன நடந்தது என்று கேட்பீர்கள். அரசுச் சோதனையிலும் தண்ணீர் கெட்டிருப்பது தெரிந்தது. டேனரி மேல் வழக்குப் போட்டார்கள், அது வருடக்கணக்கில் இழுத்தது. கருப்பையாவின் கிணறு தேறவே இல்லை. அமலா வாயைத் திறந்த விவரம் டேனரிக்குப் போய், சீக்கிரமே சவரிமுத்துவுக்கு வேலை இல்லை என்றுவிட்டார்கள். அது காதில் விழுந்த அன்று நான் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு அவர் வீட்டுக்கு ஓடினேன். பிள்ளையை அங்கே கூட்டிப் போயிருக்க வேண்டுமா, அவளைப் பேசவிட்டிருக்க வேண்டுமா என்ற கேள்விக்கு இன்றுவரை என்னிடம் விடை இல்லை. உங்களுக்கும் அப்படி ஒன்று வரும். வராது என்று எண்ணிக்கொண்டு வகுப்புக்குள் போகாதீர்கள். பிள்ளைகள் கையால் தொட்டுச் செய்வது எதுவும் பள்ளிச் சுவரோடு நின்றுவிடாது.

சவரிமுத்து ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்கு மூட்டை ஏற்றப் போனார். கொஞ்ச காலம் கழித்து பஸ்ஸில் பார்த்தேன். அவரே பேசினார்.

“இடுப்பு ஒடியுது டீச்சர். ஆனா இப்பல்லாம் என் சட்டைய அமலா மூக்கப் பிடிக்காமத் தொவைக்கிறா.”

அதற்கு அடுத்த வருடம் அவர்கள் தெருவுக்கு வெளியூரிலிருந்து குழாய் போட்டுக் குடிதண்ணீர் வந்தது. திறந்து வைக்கப் பந்தல் போட்டு, அதிகாரிகளும் ஊர்ப் பெரியவர்களும் வந்திருந்தார்கள். என்னையும் வரச் சொல்லியிருந்ததால் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். குழாயைத் திருகினார்கள். தண்ணீர் கொட்டியது. கூட்டம் கை தட்டியது. குடங்களுக்கு முன்னால் முண்டிக்கொண்டு அமலாவும் முத்துலட்சுமியும் ஒரு காலிப் பாட்டிலை நீட்டினார்கள்.

“தாகமாம்மா? டம்ளர்ல பிடிச்சுக் குடி” என்றார் மனுவை வாங்கிய அதே அதிகாரி.

“குடிக்க இல்ல சார்,” என்றாள் அமலா, பாட்டிலை மூடிக்கொண்டே. “பயறுக்கு.”